ஒன்பதாம் அறையில் தங்கிய திருடன்

காரைக்கால் வட்டாரத்தில் மூன்று நண்பர்களை ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரே அறையில் உட்காரவைக்க முடியும் என்று நம்பிய ஒரே மனிதன் செக்-இன். அவனுடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். சொன்னால் ஒருவருக்கும் ஆள் அடையாளம் தெரியாது. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவன். துக்க வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று, "எத்தனை பேரு வந்திருக்கீங்க, எப்ப கெளம்புறீங்க?" என்று கேட்பான்.

திருநள்ளாற்றில் சனிக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. செவ்வாய்க்கிழமை லாட்ஜில் பல்லி மட்டும்தான் இருக்கும். ஆகவே எங்கள் விளையாட்டு செவ்வாய் மாலை ஆறு மணிக்கு, ஒன்பதாம் அறையில்.

விளையாட்டு என்றால் சீட்டு இல்லை. ஒருவன் கதை நடத்துவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு வேஷம். கதவைத் திறக்கிறேன், பேயை வெட்டுகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்று இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்ப்பு சொல்லும். பெங்களூரிலிருந்து வந்த யாரோ அந்தப் பகடைப் பெட்டியையும் விதிப் புத்தகத்தையும் அறையில் விட்டுப் போய்விட்டார்கள். குளத்தில் முழுகிப் பழைய துணியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற ஊர் இது. ஒருவர் விட்டுப்போனதை இன்னொருவர் தொடமாட்டார். அதோடு அவர்களுடைய சனியும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பயம். அறை பெருக்குகிற அம்மா விளக்குமாற்றால்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். செக்-இன் எடுத்துக்கொண்டான். ஆறு மாதம் அகராதியை வைத்துக்கொண்டு படித்தான். படித்து முடித்ததும் எங்களைப் பிடித்தான்.

நாங்கள் மூன்று பேர், அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான் கோவில்பத்திலிருந்து பைக்கில் டவுனுக்குப் போய் வரும் குமாஸ்தா. செந்திலுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, ஊரில் கொஞ்சம் நஞ்சை. நிஜாமுக்குக் குடும்பத்து ஜவுளிக்கடை. மூன்று பேருமே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதில் கைதேர்ந்தவர்கள்.

செந்திலுக்கு வாய்க்காலில் முறை வந்துவிடும். "இன்னைக்குத் தண்ணி நம்ம பக்கம்டா. விட்டா அடுத்த முறைக்குப் பத்து நாளாவும்." நிஜாமுக்கு யாராவது சொந்தக்காரர் வீட்டில் வலீமா கல்யாண விருந்து இருக்கும். அவன் ஒருநாளும் இல்லை என்று சொல்லமாட்டான். "இன்ஷா அல்லாஹ் வர்றேன் மாப்ள" என்பான்.

"அல்லா நாடிருவான்டா. நீ நாடுவியா?" என்று செக்-இன் கேட்பான்.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, வேறு வேலையாகத் திருநள்ளாறு போனேன். வழியில் லாட்ஜ். ஒன்பதாம் அறை ஜன்னல் திறந்திருந்தது. நான்கு நாற்காலி போட்டு செக்-இன் தனியாக உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு நாற்காலிக்கும் எழுந்து போய் எங்களுக்காக அவனே பகடை போட்டுக்கொண்டிருந்தான். என் முறையில் சின்ன எண் விழுந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, எடுத்து மறுபடி போட்டான். என் ஆள் சாகாமல் பார்த்துக்கொண்டான்.

அன்றோடு எனக்கு நிம்மதி போயிற்று. ஆள் சேர்க்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை மாலையே ஆரம்பித்துவிடுவேன். செய்தி அனுப்பிவிட்டு, படித்தார்களா, ஏன் பதில் இல்லை என்று அலுவலகத்தில் கோப்புக்கு அடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பிபி மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். லாட்ஜில் என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

செக்-இன் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டான். வராதவன் விடுப்புக் கடிதம் தர வேண்டும். அதுவும் தன் வேஷத்தின் பெயரில். செந்திலுடைய வேஷம் கோடரி ஏந்திய இரும்பன் என்னும் மாவீரன். அவனிடமிருந்து வந்த முதல் கடிதம்: 'அரக்கர் படை நெருங்கிவிட்டதை அறிவேன். எனினும் என் நாற்றங்கால் மூழ்கும் நிலையில் உள்ளதால் ஒருநாள் விடுப்பு வேண்டுகிறேன்.' செக்-இன் சிவப்பு மையில் 'அரக்கர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுதித் திருப்பி அனுப்பினான்.

கடிதமும் பலிக்காமல் போனபோது செக்-இன் செந்தில் வீட்டுக்கே போன் போட்டான். அவன் அம்மா எடுத்திருக்கிறார்.

"அம்மா, செந்தில் இன்னைக்கு வரலைன்னா குகைக்குள்ள மூணு பேரு செத்துருவாங்கம்மா."

அரை மணி நேரத்தில் லாட்ஜ் வாசலில் டிராக்டர் வந்து நின்றது. செந்திலின் சித்தப்பா, ஆறு ஆட்கள், தாம்புக்கயிறு, கடப்பாரை.

"எங்கப்பா குகை?" என்றார் சித்தப்பா.

எங்கள் பக்கத்தில் குகை கிடையாது. குகை குடைவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. அதை அவர் வழியில் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. செக்-இன் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "சித்தப்பா, நீங்க வந்ததே போதும். இரும்பனுக்குப் பதிலா ஒரு தடவ பகடை போடுங்க" என்றான். அவர் போட்டார். மூன்று அரக்கர்கள் காலி. அதற்குப் பிறகு பல மாதம், "அந்தக் குகை என்ன ஆச்சு?" என்று செந்திலிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

இவ்வளவுக்குப் பிறகும் நாங்கள் திருந்தவில்லை. ஒருநாள் செக்-இன் குரலை உயர்த்தாமல் சொன்னான். "தொடர்ந்து மூணு வாரம் மூணு பேரும் சேரலைன்னா பெட்டியக் கொண்டுபோயி குளத்துல போட்டுருவேன். அப்பறம் யாரையும் கூப்புட மாட்டேன்." சொன்னதைச் செய்கிறவன். எனக்கு அதுதான் பயம்.

அடுத்து வந்தது சனிப்பெயர்ச்சி. ஊரே லாட்ஜாக மாறிவிட்டது. முதல் செவ்வாய் சாலையை மறித்துவிட்டார்கள். இரண்டாவது செவ்வாய் நான் மட்டும் போனேன். மூன்றாவது செவ்வாய் வந்தது. செந்தில் நடவு என்றான். நிஜாம் இன்ஷா அல்லாஹ் என்றான். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குச் செக்-இன் போன் செய்தான்.

"எங்கடா இருக்க?"

"ஆபீஸ்ல. ஏன் குசுகுசுன்னு பேசுற?"

"எஸ்.ஐ. வந்திருக்காருடா. ஒன்பதாம் ரூம்ல தங்கியிருக்கற திருடனப் பாக்கணுமாம்."

"எந்தத் திருடன்?"

"நிஜாம்."

நடந்தது இதுதான். மற்ற செவ்வாய்களில் அந்த அறை திறந்தே கிடக்கும்; கூட்ட நேரத்தில் சாவி எடுத்துப் பிடித்து வைக்க வேண்டும். சாவி எடுத்தால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது முதலாளியின் விதி. உள்ளூர் ஆட்களுக்கு அறை கிடையாது என்பதும் அவர் விதிதான். செக்-இன் பன்னிரண்டு வருடத்தில் ஒரு விதியையும் மீறியதில்லை. ஆகவே எங்கள் வேஷங்களுக்கு அறை கொடுத்துவிட்டான். நிஜாமுடைய வேஷம் ஒரு திருடன். பெயர்: நிழலன். வயது: 112. ஊர்: கருங்கோட்டை. தொழில்: திருட்டு. வந்த காரியம்: கிரீடம்.

லட்சம் பேர் கூடியிருக்கிற கோயில் ஊரில், சாமி நகைக்குக் காவல் போட்டிருக்கிற சமயத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறான். கைது செய்தால்கூட யாரும் தப்பு சொல்ல முடியாது. உடனே போனை எடுத்தேன். நிஜாமைக் கூப்பிட்டேன்.

"கடையில கூட்டம் மாப்ள, இன்ஷா அல்லா..."

"நிழலனப் போலீஸ் தேடுது. நீ வரலைன்னா செக்-இன்னக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

"பத்து நிமிசத்துல கெளம்புறேன்" என்றான். செந்திலிடம் பாதிதான் சொன்னேன். அதற்குள் வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது நிஜாம் தோளில் அளவு நாடாவோடு நின்றான். செந்தில் முழங்கால்வரை சேற்றோடு வந்தான். முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. ரிஜிஸ்டரில் விரலை வைத்திருந்தார்.

"யாருய்யா நிழலன்?"

நிஜாம் கையைத் தூக்கினான்.

"வயசு நூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்கு."

"அவங்க வம்சத்துல முந்நூறு வரைக்கும் இருப்பாங்க சார்" என்றான் செக்-இன். நான் அவன் காலை மிதித்தேன்.

"வந்த காரியம் கிரீடமா? எந்தக் கிரீடம்?"

"கருங்கோட்டை ராஜாவோடது சார். ஆனா அதையும் இவன் எடுக்கமாட்டான் சார். எடுக்கறதுக்கு வரணும்ல. எட்டு வாரமா வரல."

எஸ்.ஐ. எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வயது நாற்பதுக்கு மேல், ஒருவனுக்கு வழுக்கை, ஒருவனுக்குச் சேறு. பெட்டியைத் திறக்கச் சொன்னார். படங்களைப் பார்த்தார். விடுப்புக் கடிதங்களைப் படித்தார். நாற்றங்கால் கடிதத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிஜாமைப் பார்த்து, "ஒரு பூட்டத் தொறந்து காட்டு" என்றார்.

நிஜாம் பகடையைக் குலுக்கினான். அவன் குலுக்கிய வேகத்தில் அது மேஜையிலிருந்து விழுந்து எஸ்.ஐ. பூட்ஸ் பக்கத்தில் நின்றது. இரண்டு.

"என்ன ஆச்சு?"

"பூட்டு தொறக்கல சார்" என்றான் நிஜாம். "கம்பி ஒடஞ்சிருச்சு."

எஸ்.ஐ. ரிஜிஸ்டரை மூடினார். "இவனால ஒரு குண்டுமணிகூடப் போவாது. ஆனா இனிமே ரிஜிஸ்டர்ல இந்த மாதிரி கிறுக்குனா உள்ள தூக்கி வெச்சுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போலீஸ் விட்டது. முதலாளி விடவில்லை. "நாளையிலேருந்து வராதப்பா" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும்.

செக்-இன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு அடிக்க ஐந்து நிமிடம். அவன் முகம் வேலை போனவன் முகமாக இல்லை.

"மூணு பேரும் வந்துட்டீங்க" என்றான். பிறகு முதலாளியைப் பார்த்து, "ரூம் இன்னைக்கு ஒம்போது மணி வரைக்கும் எழுதியிருக்குங்க" என்றான்.

அவர் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தார். "எழுதியிருந்தா இருந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இப்போது அவன் துறைமுகம் பக்கம் கீழவாஞ்சூரில் ஒரு லாரி எடைமேடையில் இருக்கிறான். நிலக்கரி லாரிகளை ஏற்றி இறக்கிச் சீட்டுக் கொடுக்கிற வேலை. ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். எந்தக் கிழமை ஓய்வு என்று முதல்நாள்தான் சொல்வார்கள். ஆக, இப்போது வர முடியாதவன் அவன்தான். கேட்டால் வெட்கப்படுகிறான்.

அவன் ஓய்வு தெரிந்ததும் செந்தில் பக்கத்து வயல்காரரிடம் கெஞ்சித் தண்ணீர் முறையை மாற்றிக்கொள்கிறான். நிஜாம் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு வருகிறான். வலீமாவுக்கு வீட்டிலிருந்து வேறு ஆளை அனுப்புகிறான். எங்கள் வீட்டு மாடியில் நான்கு மணிக்கே மூன்று பேரும் உட்கார்ந்து விடுகிறோம். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் யாராவது ஒருவன் எழுந்து எட்டிப் பார்க்கிறான்.

அவன் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து சேருகிறான். காது மடலில், இமையில், பல்லில்கூடக் கரி. நாற்காலியெல்லாம் கறுப்பாகிறது, வீட்டில் எனக்குத் திட்டு விழுகிறது. ஆனாலும் முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்று நாங்கள் யாரும் அவனிடம் சொல்வதில்லை. அதில் பத்து நிமிடம் போய்விடும்.