பதினொன்றரைச் சதவீதம்

மார்ச் 3: 11.1
மார்ச் 4: 11.9
மார்ச் 6: 11.5
மார்ச் 11: 11.5

‘ஏறத்தாழ’ என்ற சொல்லைக் கேட்டால் உடம்பு கூசுகிற ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மழை பெய்தால் குடையைத் தேடாமல் அளவுப் போத்தலைத் தேடுவார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், வரவேண்டிய நேரம், வந்த நேரம், இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடம் என மூன்று விடை தருவார். திருகோணமலையில் அந்த இனத்துக்கு ஞானசேகரம் என்று பெயர்.

முப்பத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கடல் மட்டம் ஏறி இறங்குவதைக் கொப்பிகளில் பதிந்தவர். ஒரு பக்கத்திலும் அவர் பெயர் இல்லை. ஓய்வு பெற்றபின், நிலாவெளி பஸ்ஸில் மிச்சக் காசாக ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி கிடைத்தது. அச்சு விலகி விழுந்த குற்றி. படம் ஒரு பக்கம் ஒதுங்க, மறுபக்கம் பிறைபோல் வெறுமை. அதைப்பற்றி அவர் எழுதியனுப்ப, கொழும்பில் நாணயம் சேர்ப்போர் சங்கமொன்று பதில் கடிதம் போட்டது: “எமது நூலில் இதன் படத்தோடு உங்கள் பெயரையும் அச்சிடுவோம். விலகல் ஏறத்தாழ எத்தனை சதவீதம்?”

பெயர்! அச்சில்! ஆனால், ஏறத்தாழவா?

பிறையின் அகலத்தைக் குற்றியின் விட்டத்தால் வகுத்தால் முடிந்தது வேலை. மூன்று நாள் அளந்தார். மூன்று விடை.

“இஞ்சேருங்கோ, பதினொண்டுக்கு மேலையெண்டு எழுதிவிட்டால் காணாதே?” என்றார் மனைவி சீதேவி.

“ஏலாது. மேலையெண்டால் எவ்வளவு மேலை?”

“என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் வாசல்படியை எண்ணிப்போட்டுத்தானே உள்ளுக்கு வந்தனீங்கள்.”

“அஞ்சு. ஒண்டு வெடிச்சிருந்தது.”

சராசரி எடுத்திருக்கலாமே என்பீர்கள். இந்த இனத்துக்குச் சராசரி அளவல்ல, சமரசம். பிறையின் ஓரத்தில் அழுக்கு ஒளிந்திருந்து தன்னை ஏய்க்கிறது என்று முடிவுகட்டி, குசினிக்குப் போய்ப் புளி எடுத்து, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கினார். குற்றி பளபளத்தது. நான்காம் முறை அளந்து, ஐந்து பக்கக் கடிதம் எழுதினார்: அறையின் வெப்பம், மூக்குக்கண்ணாடியின் பவர், புளி ஐந்து கிராம், தேய்த்த நேரம் நான்கு நிமிடம்.

பதில் வந்தது. “விலகல் 11.5 என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் துலக்கினால் நாணயத்தின் மேற்பரப்பு கெட்டுவிடும் என்பதால் அத்தகையவற்றை நூலில் சேர்ப்பதில்லை. துலக்கியதை நீங்களே தெரிவித்தமைக்கு நன்றி.”

“புளி போட்டதை ஏன் எழுதினனீங்கள்? ஆர் கேட்டது?”

“போட்டனான்தானே.”

சீதேவி குற்றியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “வடிவாத்தான் மினுக்கியிருக்கிறியள்.”

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் மேலேயுள்ள முதல் மூன்று அளவுகளையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், புளிக்கு வேலையே இருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் எந்த இனம் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சங்கத்தின் கடைசிக் கடிதம் அவருக்குக் கிடைத்தது: 2025 ஏப்ரல் 29, செவ்வாய், முற்பகல் 10.42.