வாரத்துக்கு ஒரு வட்டி

இந்த வாரம் திருமதி பாம்பாக்கிடம் தோற்றுவிடுவது என்று டாக்டர் வோல்க்மர் டீட்கென் டிராமில் வரும்போதே முடிவு செய்துவிட்டார். எப்படித் தோற்பது என்பதுதான் புரியவில்லை. வட்டி விஷயத்தில் அவர் யாரிடமும் தோற்றுப் பழக்கப்பட்டவர் இல்லை.

பிராங்க்பர்ட்டில் ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் மூத்த ஆய்வாளர். வியாழன் மதியம் உள்ளூர் வானொலியில் யூரோவைப் பற்றி நேயர்கள் போனில் கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். வட்டியில் அவர் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். விலைவாசி இன்னும் முழுசாக அடங்கவில்லை, மத்திய வங்கி வட்டியைக் குறைக்க அவசரப்படக் கூடாது.

குறைத்தே ஆகவேண்டும் என்று பக்கத்து ஊர் ஓஃபன்பாக்கிலிருந்து வாராவாரம் போனில் மல்லுக்கு நிற்பவர் ரோஸ்விதா பாம்பாக். வெங்கலக் குரல். "புள்ளிவிவரத்தைப் பாத்துப் பேசாதீங்க டாக்டர், என் சமையலறைக்கு வந்து பாருங்க!" என்பார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை வோல்க்மர் வீட்டுக்கு எடுத்துப் போய், உருளைக்கிழங்கு வேகும் நேரமெல்லாம் திருப்பித் திருப்பி யோசித்தார். இது திட்டா, அழைப்பா?

அவரை யாரும் எங்கும் அழைத்து வெகுகாலமாகிவிட்டது. மனைவி பிரிந்து போகும்போது, "நீ சொல்றது எல்லாமே சரிதான் வோல்க்மர். அதான் என்னால முடியலை" என்று மட்டும் சொன்னாள். வீட்டு போன் மணியடித்தால் பெரும்பாலும் ராங் நம்பர். யாரோ பீட்சா கடை என்று நினைத்துப் பேசுவார்கள். அவரும் உடனே மறுப்பதில்லை. "காளான் போடணுமா, வேண்டாமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உண்மையைச் சொல்வார். இரண்டு நிமிஷம் பேச்சு ஓடுமே.

ஆகவே தோற்றுப் பார்க்கலாம். ஜெயித்த பெண்மணி சந்தோஷத்தில் ஒரு கப் காபிக்காவது கூப்பிட மாட்டாரா?

"டாக்டர், போன வாரம் பாதியில விட்டோம்," என்று அந்த வியாழன் திருமதி பாம்பாக் போனில் சிலிர்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆமாம்மா. யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. வட்டியைக் குறைச்சிடலாம்."

நிகழ்ச்சியை நடத்தும் யென்ஸ், "அட! பெரிய செய்தி! சரி, அடுத்த நேயர்..." என்று பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான்.

"இருங்க, இருங்க!" என்று போனில் அதே வெங்கலக் குரல் பதறியது. "அதெப்படி சட்டுனு குறைப்பீங்க? குறைச்சா என்னை மாதிரி சேமிச்சு வெச்சவங்க கதி என்ன?"

"நீங்கதானேம்மா குறைக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக ஒரு டாக்டர் யோசிக்காம தலையாட்டறதா?"

அன்றைக்குக் கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். காபி பற்றிப் பேச்சே வரவில்லை.

மைன் ஆற்றங்கரையில் நடந்துகொண்டே வோல்க்மர் யோசித்தார். தப்பு தன்மேல்தான். அந்தம்மா சேமிப்புக்காரர், நாம்தான் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம்.

அடுத்த வாரம் மைக்கைப் பிடித்ததும், "வட்டியைக் குறைக்கக் கூடாது என்பது மட்டுமில்லை, ஏற்றியே ஆகவேண்டும். சேமிப்பவர்களுக்கு நியாயம் வேண்டும்" என்று முழங்கினார். இதுவரை இப்படி அவர் நிறுவனத்தில் யாருமே சொன்னதில்லை.

"ஏத்தறதா?" வெங்கலக் குரல் ஓங்கியது. "இத்தாலிக்காரனும் கிரேக்கனும் கடனைக் கட்ட முடியாம தவிக்கட்டும், அதானே? இங்க சின்னஞ்சிறுசுகள் வீடு வாங்க வேண்டாமா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா டாக்டர்?"

"அம்மா, உங்க சேமிப்பு..."

"என் சேமிப்பைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படறீங்க?"

மறுநாள் ஒரு பத்திரிகையில் கார்ட்டூன் வந்தது. சர்ச் கோபுரத்து உச்சியில், காற்றடித்த பக்கமெல்லாம் திரும்பும் தகரச் சேவல். சேவலுக்கு வோல்க்மரின் கண்ணாடி, வோல்க்மரின் தாடி. கேன்டீனில் அவர் வழக்கமாகத் தனியாக உட்காரும் மேஜையில் யாரோ அதை ஒட்டி வைத்திருந்தார்கள். கிழிக்க மனமில்லாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு முகமாவது எதிரில் இருந்தது.

ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் கெர்லிண்டே ஷோப் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"யூரோ வெச்சிருக்கற இத்தனை நாடும் ஒரே வட்டியில குடித்தனம் பண்ணுது. நீங்க ஒரே ஆள், வாரத்துக்கு ஒரு வட்டி வெச்சிருக்கீங்க!"

"நிலைமை மாறிக்கிட்டே இருக்கு மேடம்."

"ஏழு நாள்லயா? ஒரு முதலீட்டுக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு என்ன எழுதியிருக்கு தெரியுமா? டீட்கென் சொல்றதுக்கு நேரெதிரா முதலீடு பண்ணுங்கன்னு. அதுல லாபமும் வந்திருக்காம்! தயவுசெஞ்சு நடுவுல நில்லுங்க. ஏத்தவும் வேணாம், இறக்கவும் வேணாம்."

வோல்க்மருக்கு இது நல்ல யோசனையாகவே பட்டது. நடுவில் நிற்பவரோடு யார் சண்டை போட முடியும்?

"வட்டி இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பொறுத்திருந்து பார்ப்போம்" என்றார் மூன்றாவது வாரம், மிகவும் பணிவாக.

"பொறுத்திருந்து பாக்கறதா?" என்றார் திருமதி பாம்பாக். "அதைத்தான் நான் என் ஜன்னல்கிட்ட உக்காந்து தினம் பண்றேனே! அதுக்கா உங்களுக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க?"

யென்ஸ் மைக்கை மறந்து சிரித்துவிட்டான். ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பு பத்திரிகைக்கும் போயிற்று. ஷோப் அம்மாள் இந்த முறை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"வர்ற வியாழன்தான் உங்களுக்குக் கடைசி நிகழ்ச்சி. அப்புறம் வேற ஆளை அனுப்பறோம். நீங்க ஆவணப் பிரிவைப் பாத்துக்குங்க."

ஆவணப் பிரிவு நிலவறையில் இருந்தது. அங்கே போனே கிடையாது.

கடைசி வியாழன். வோல்க்மர் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு போனார். சொல்லிக்கொண்டு போகலாம், முடிந்தால் காபி விஷயத்தையும் கேட்டுவிடலாம் என்று எண்ணம். ஆனால் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் குறிப்புத் தாளைத்தான் புரட்டினார்.

"இன்னிக்கு என்ன சொல்றீங்க டாக்டர்? ஏத்தணுமா, இறக்கணுமா?" என்றது வெங்கலக் குரல்.

வோல்க்மர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியலைம்மா."

யென்ஸ் கடிகாரத்தைப் பார்த்தான்.

"தெரியலையா?" குரல் இறங்கி, யாரோ வேறொருத்தர் பேசுவது போலிருந்தது. "அதனால என்ன. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"மன்னிக்கணும், செய்தி நேரம்!" என்று யென்ஸ் பொத்தானை அழுத்தினான்.

வெளியே தாழ்வாரத்தில் வோல்க்மர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போன்களை எடுத்து ஸ்டுடியோவுக்கு இணைப்புக் கொடுக்கும் நுர்தென் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தனை வாரமும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் இருந்தவள்.

"சக்கரை போடலை டாக்டர், பரவாயில்லையா?"

"பரவாயில்லைம்மா." கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், "ஏம்மா, ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எனக்கு முன்னாடியே அந்தம்மாகிட்ட பேசறவ. நான் குறைக்கணும்னேன், ஒத்துக்கலை. ஏத்தணும்னேன், அதுக்கும் சண்டை. சும்மா இருக்கட்டும்னாலும் கேலி. வட்டி விஷயத்துல அவங்க கொள்கைதான் என்ன?"

"கொள்கையா?" நுர்தென் அவரை வியப்பாகப் பார்த்தாள். "லைன் குடுக்கறதுக்கு முன்னாடி வாராவாரம் என்னைத்தானே கேப்பாங்க, 'இன்னிக்கு அவர் எந்தப் பக்கம்டி? நான் மறுபக்கம் நின்னுக்கறேன். நானும் ஆமான்னு சொல்லிட்டா நன்றி சொல்லி போனை வெச்சிடுவாங்களே'ன்னு!"