வண்டியை முறைப்படி அனுப்பிவைத்தேன்

பெருமதிப்பிற்கும் பேரன்புக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் இருவரும் சுகம். அவ்விடம் நீங்களும், வீட்டிலுள்ளவர்களும், உங்கள் சுற்றுலா பஸ்ஸும், அதன் கியர் பெட்டியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கியர் பெட்டியைத் தனியாக விசாரிக்கக் காரணம், போன முறை அது மலைப்பாதையில் படுத்துக்கொண்டதாகக் கேள்வி. ரயிலில் அந்தத் தொல்லை இல்லை என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற அன்று, மாலை போட்ட ஈரம்கூடக் கழுத்தில் காயாத நேரத்தில், நாலு பேர் முன்னால் நீங்கள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "மாப்பிள்ளை, உங்களுக்கு ரயிலை அனுப்பத்தான் தெரியும், ஏறிப் போகத் தெரியாது. என் தங்கச்சி ஊர் பார்க்கணும்னா என் பஸ்ஸுல வரட்டும்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. தலைநகரையும் அதைச் சுற்றியுள்ள பழைய ஊர்களையும் ரயிலிலேயே காட்டிக் கூட்டிவருகிறேன், திரும்பி வந்து அவள் ஒரே ஒரு குறை சொன்னாலும் இனி ஆயுசுக்கும் உங்கள் பஸ்ஸில்தான், நீங்கள் கைகாட்டும் ஸீட்டில்தான் என்று நானும் வாய்விட்டுவிட்டேன். தலைநகர் போகும் வண்டியில் ஊரார் அத்தனை பேரையும் ஏற்றி அனுப்பியவன் நான், அதில் ஒரு நாளும் ஏறாதவள் உங்கள் தங்கை. பந்தயம் நம் இரண்டு பேருக்கும் நடுவில் என்றாலும் ஆசை அவளுடையது. அந்த ஆசை அப்பழுக்கில்லாமல் நிறைவேறியது என்று அறிவிக்கவே இக்கடிதம்.

விடுதி அறையை நானே பார்த்து எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் ரயில்வே யார்டு. "பூங்கா பக்கம் ஒரு ரூம் காலியா இருக்கு சார், வாடகை ஒண்ணுதான்" என்று விடுதிக்காரன் கெஞ்சினான். பூங்காவில் என்ன வந்து போகிறது, மச்சான்? வேண்டாம் என்றேன். உங்கள் தங்கை பூங்கா இருந்த திசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள், பயணக் களைப்பாக இருக்கும். காலையில் கிளம்பும்போதே கால அட்டவணை போட்டுவிட்டேன். பாராளுமன்றம் வண்டி நிற்காத ஸ்டேஷன், வெளியிலிருந்து பார்த்தால் போதும். அருங்காட்சியகம் பெரிய ஜங்ஷன், சாப்பாட்டு நேரம் வரை நிறுத்தம். சிலைகளெல்லாம் கை காட்டினால் மட்டும் நிற்கும் ஸ்டேஷன்கள், உங்கள் தங்கை இரண்டொரு தடவை கை காட்டினாள், நான் கவனிக்கவில்லை. மணிக்கூண்டுக் கடிகாரம் என் கைக்கடிகாரத்துக்குப் பின்தங்கி ஓடுவதைப் பார்த்ததும் மனசு கேட்காமல் படியேறிப் போய் அதைப் பராமரிப்பவரிடம் சொன்னேன். "ஊரே இதைப் பார்த்துத்தான் நடக்குது சார், நீங்க உங்க வாட்சைத் திருப்பி வச்சுக்கிட்டா பிரச்சினை தீர்ந்துச்சு" என்றார் அந்த மனிதர். தலைநகர நிர்வாகம் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் ஒரு ராணியின் நகைப்பெட்டிக்கு முன்னால் உங்கள் தங்கை அசையாமல் நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம் தேங்கியது. தேக்கம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்குமா? கையைத் தட்டி, "லைன் கிளியர், லைன் கிளியர்" என்று எல்லாரையும் நகர்த்தினேன். அங்கிருந்த காவலர் என்னை ஊழியன் என்றே நம்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகுப்பை அடுத்த கூடத்துக்கு அழைத்துப்போகச் சொன்னார். அழைத்துப் போனேன். ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை, ஆசிரியை எனக்குக் கைகூப்பி நன்றி சொன்னாள். உங்கள் தங்கை மட்டும் எப்படியோ குறைந்து, பிறகு வாசலில் கிடைத்தாள்.

இனி முக்கியமான விஷயம். வேறு யாராவது கண் காது மூக்கு வைத்து உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மறுநாள் கோட்டை இருக்கும் பழைய ஊருக்குப் பாசஞ்சர் வண்டியில் புறப்பட்டோம். ஜன்னலோரம் அவளுக்கு. டிக்கெட் இரண்டும் என் பையில், செல்போன் என் பையில், அறைச்சாவி என் பையில். பக்கத்திலேயே நான் இருக்கும்போது அவளுக்கு எதற்குச் சுமை? வழியில் ஒரு சிறிய ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கினேன். பாட்டிலை நிரப்பி நிமிர்ந்தால் சிக்னல் கொடுத்துவிட்டார்கள், ஆனால் வண்டியை வழியனுப்பப் பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லை. மச்சான், வண்டி புறப்படும்போது ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். பெட்டி பெட்டியாகப் பார்த்து, எந்தக் கதவாவது திறந்து ஆடுகிறதா, எந்தச் சக்கரத்திலாவது புகை வருகிறதா என்று கவனித்து, இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டும் பலகையைக் கண்ணால் கண்ட பிறகுதான் நகர வேண்டும். உங்கள் பஸ்ஸில் கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் கடமை தீர்ந்தது. இங்கே அப்படியில்லை. ஒரு முழு ரயிலை அநாதையாக அனுப்புவதா? என் கால்கள் தாமாகப் போய் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் சேர்ந்து நின்றன. கையில் தலைநகர வரைபடம் இருந்தது, அதன் அட்டை பச்சை. நீட்டிப் பிடித்தேன். வண்டி நகர்ந்தது. கதவுகள் சரி, சக்கரங்கள் சரி. கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு என்னைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, பிறகு முறைப்படி பச்சைக் கொடியை அசைத்தார். கடைசிப் பலகையையும் பார்த்தேன். வண்டி முழுமையாக ஸ்டேஷனைக் கடந்தது. அப்பழுக்கற்ற வழியனுப்பு, என் பணிக்காலத்திலேயே அப்படி ஒன்று அமைந்ததில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போய் நாற்காலியைத் தேடினேன். அதில் என் மகள் வயதில் ஒரு பெண் உட்கார்ந்து, திரையில் ஓடும் சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க நீங்க?" என்றாள்.

"வண்டி முழுசா போயிடுச்சும்மா. அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லிடுங்க" என்றேன்.

"அது தானா தெரிஞ்சிடும் சார். நீங்க எந்த வண்டிக்குப் போகணும்?"

"அதே வண்டிக்குத்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மச்சான், அந்த வண்டியில் உங்கள் தங்கை இருக்கிறாள். டிக்கெட் இல்லை, போன் இல்லை, தனியாக ஒரு தெரு தாண்டிப் போகாதவள். பாவம், வண்டி நகர்ந்தபோது அவள் அந்தப் பக்கத்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். நான் ஏறாதது தெரிந்ததும் எப்படித் துடித்திருப்பாள்! அந்தப் பெண் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, உங்கள் தங்கையின் அடையாளம் கேட்டு, கோட்டை ஊர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். "ஒரு அம்மா, காப்பிக்கலர் சால்வை, தனியா இருப்பாங்க, பயந்து அழுதுகிட்டு இருப்பாங்க, பத்திரமா உட்கார வைங்க" என்றாள். வண்டி போய்ச் சேர்ந்த பிறகு பதில் வந்தது. அழுதுகொண்டு யாரும் இறங்கவில்லையாம். காப்பிக்கலர் சால்வை போட்ட ஒரு அம்மா சிரித்துக்கொண்டே இறங்கி, கோட்டைக்கு வழி கேட்டுப் போனாராம். டிக்கெட் பரிசோதகர் அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டுப் போனாராம்.

அடுத்த வண்டியில் நான் போய்ச் சேர்ந்தபோது உங்கள் தங்கை கோட்டை மதிலின் மேல் நாலைந்து வெளியூர்ப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்கப் படியேறி, "பயந்துட்டியா?" என்றேன். "டிக்கெட் கேட்டு ஒருத்தர் வந்தார். டிக்கெட் வச்சிருக்கிறவர் முந்தின ஸ்டேஷன்ல நின்னு உங்க வண்டியைத்தான் அனுப்பிக்கிட்டு இருந்தார்னு சொன்னேன். அவர் சிரிச்சிட்டு, அந்தப் பச்சை அட்டைக்காரர் வீட்டம்மாவான்னு கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார்" என்றாள். பிறகு என்னைக் கோட்டை முழுவதும் கூட்டிப்போய், எந்த வாசல் வழியாக எதிரி வந்தான், எந்தக் கிணற்றில் பொன்னைப் போட்டு மூடினார்கள் என்று அங்கே கேட்டறிந்ததை வரி தப்பாமல் சொன்னாள். அந்தப் பெண்களும் நானும் அவள் பின்னாலேயே நடந்தோம். கால அட்டவணை இல்லாமலேயே அவள் அத்தனையும் பார்த்து முடித்திருந்தாள். என் பெண்டாட்டி என்று அங்கிருந்த கல் ஒவ்வொன்றிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது, மச்சான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

ஆகவே பந்தயத்தில் நான் ஜெயித்தேன் என்பதைத் தாங்கள் பெரிய மனதோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் சற்று நேரம் நாங்கள் வெவ்வேறு வண்டிகளில் போனதை ஒரு தாமதமாகக் கொள்ளலாமே தவிர, விபத்தாகக் கொள்ள இடமில்லை. வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு ஆசியையும் சேர்ப்பிக்கவும். உங்கள் பஸ்ஸின் டயர்கள் நீடூழி உருள வாழ்த்துகிறேன்.

என்றும் தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். ஒரு குறை உண்டாம். அடுத்த வண்டி அத்தனை சீக்கிரம் வந்திருக்க வேண்டாமாம், தெற்குக் கொத்தளம் பாக்கி இருந்ததாம். இது குறையில் சேருமா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இன்னொன்று, அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறேனே, அதை அடிக்கச் சொல்கிறாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கூப்பிட்டால் கேட்கும் தூரமாம், அபாயச் சங்கிலி தலைக்கு மேலேயே தொங்கியதாம். "பிறகு ஏன் கூப்பிடலை?" என்று கேட்டேன். "ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து இத்தனை வருஷமா உங்க முதுகைத்தான் பார்த்திருக்கேன். வண்டியில போறவங்களுக்குத்தான் உங்க முகம் தெரியும். அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அப்படி நிமிர்ந்து நின்னீங்க, எப்படிங்க கூப்பிடுவேன்?" என்றாள். அடுத்த பயணத்திலும் நான் ஒரு ஸ்டேஷனில் இறங்கி நிற்க வேண்டுமாம். எந்த ஸ்டேஷன் என்று டைம்டேபிளை மடியில் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறாள்.