ஆடிக்கு ஓர் அறை

ஆடி மாதத்தை ஒழித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நாட்டுக்கே அல்ல, எனக்கு மட்டும்.

எனக்குக் கல்யாணமாகி முழுதாக இரண்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. மாமியார் தில்லையம்மாள் தாம்பாளத்தில் பழம், பூ, எனக்கு ஒரு வேட்டி, சட்டை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். தாம்பாளத்தை வைத்தார். என் மனைவி கீர்த்தியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இதற்கு ஆடிச் சீர் என்று பெயர். ஒரு வேட்டி சட்டையைக் கொடுத்துவிட்டு ஒருவன் மனைவியை எடுத்துக்கொண்டு போவதற்கு மற்ற நாடுகளில் வேறு பெயர் இருக்கலாம்.

புதிதாகக் கல்யாணமானவர்கள் ஆடியில் சேர்ந்திருந்தால் குழந்தை சித்திரை வெயிலில் பிறக்குமாம். அது ஆகாதாம். நான் படித்தவன். எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள். தாசில்தார் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழை அப்பா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அந்தச் சான்றிதழுக்குக் கீழே நின்றுகொண்டு அம்மாவிடம் கேட்டேன்.

"சித்திரையில பொறந்தா இன்னாம்மா ஆயிடும்? நானே சித்திரையிலதானே பொறந்தேன்?"

"அதனாலதான்டா சொல்றோம்."

அறிவியல் விவாதம் அதோடு முடிந்தது.

மாமியார் வீடு ஒன்றும் வடநாட்டில் இல்லை. நாங்கள் பிள்ளையார்பாளையம், அவர்கள் சின்ன காஞ்சிபுரம். நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ. அவ்வளவுதான். ஆனால் அந்த ஷேர் ஆட்டோவில் ஏறுவதற்கு நான் வெளிநாட்டுத் தூதரகத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஒருநாள் துணிந்து போய், அவள் தெருமுனையில் நின்று டீ குடித்தேன். டீ ஆறவில்லை, அம்மாவிடமிருந்து போன்.

"அங்க இன்னாடா பண்ற? பூ விக்கிற பூவம்மாள் இப்பதான் போன் பண்ணா. மாப்ள ரொம்ப எளச்சிட்டாரு, பாக்கப் பாவமா இருக்குதுன்னு சொல்றா."

ஊரே ஒற்றர் படை. காஞ்சிபுரத்துக்குள் கதை நடக்காது என்று தெரிந்தது. சென்னைதான் வழி.

ஒரகடத்தில் நான் கணக்கெழுதும் கம்பெனியில் குரு என்று ஒருவன் இருக்கிறான். சம்பளம் எனக்கு எவ்வளவோ அவனுக்கும் அவ்வளவுதான். பேச்சு மட்டும் முதலாளி பேச்சு. "லாட்ஜுக்கெல்லாம் ஒய்ஃபைக் கூட்டிக்கினு போகாதபா. டிசைன் ஹோட்டல்னு ஒண்ணு இருக்குது. அதுல தங்கினா லைஃபே வேற" என்றான். ஆழ்வார்பேட்டையில் இருந்த அந்த ஹோட்டலின் பெயர் 'கரடு'. காசு வாங்கிக்கொண்டு தங்க வைக்கும் இடத்துக்குக் கரடு என்று பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

அவர்களுடைய இணையதளத்தைத் திறந்தேன். 'சுவர்கள் மூச்சு விடட்டும் என்று பூசாமல் விட்டிருக்கிறோம்' என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டு மாடிச் சுவர்கூடப் பல வருஷமாக மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அப்பா அதற்குச் சொல்லும் காரணம் வேறு: சிமெண்ட் விலை. தரையில் ஒரு மெத்தை. மூன்று கால் நாற்காலி ஒன்று. அறையின் மூலையில் ஒரு பெரிய பாறை. எதற்குப் பாறை என்று படத்துக்குக் கீழே பார்த்தேன். 'அமைதி' என்று போட்டிருந்தது. பாலாற்றில் இந்த மாதிரி அமைதி லாரி லாரியாகக் கிடைக்கும்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அறை விலையைப் பார்த்தேன். சிரிப்பு நின்றது. ஆனாலும் ஒழிப்பது என்று முடிவெடுத்தாயிற்று. சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. படங்களைக் கீர்த்திக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

நாங்கள் பேசிக்கொள்வதில் ஒரு முறை உண்டு. மாமியார் குழித்தறியில் உட்கார்ந்து நெய்வார். தறிச் சத்தம் கேட்கும்வரை கீர்த்தி தாராளமாகப் பேசுவாள். சத்தம் நின்றால் மாமியார் காது திறந்துவிட்டது என்று பொருள். உடனே கீர்த்தி, "அத்தைக்கு மாத்திரை வாங்கியாந்தீங்களா?" என்று உரக்கக் கேட்பாள். என் அம்மா எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை.

அன்று தறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். யாரு வூடுங்க இது? பாதியில நின்னு போச்சா?"

"ஹோட்டல்மா. டிசைன் ஹோட்டல்."

"செவுரு பூசவே இல்லியே."

"அதுதான் டிசைன்."

"அப்ப உங்க வூட்டு மாடி?"

"அது காசு இல்லாம நின்னது. இது வேணும்னே நிறுத்தினது."

"பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. நீங்க மாடியில படுத்துக்கினா போதாதா?"

"கீர்த்தி, ரசனைன்னு ஒண்ணு இருக்குதும்மா."

"குளிக்கிற ரூமுக்குக் கண்ணாடிச் செவுரு வெச்சிக்கினு இருக்காங்க. உள்ள மனுஷன் குளிக்கிறதா, மீன் வளக்கறதா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "அதெல்லாம் போகப் போகப் பழகிடும். நாம ரெண்டு பேரும் நிம்மதியா ஒரு நாள் பேசிக்கினு இருக்கலாம். யாரும் இருக்க மாட்டாங்க" என்றேன்.

"எங்க அம்மாகிட்ட இன்னான்னு சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சென்னையில ஒரு பரீட்சைன்னு சொல்லு."

"ஹால் டிக்கெட்டைக் காட்டுன்னு கேப்பாங்க."

"உங்க அம்மாவா கேப்பாங்க?"

"எங்க அம்மா நூல் வாங்கினாலே முனையப் பிடிச்சி இழுத்துப் பாத்துட்டுத்தான் வாங்குவாங்க. ஏங்க, நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன்."

"எனக்குப் பொய் வராதும்மா. சொன்னா காது செவந்துடும்."

இது உண்மை. சின்ன வயதிலிருந்தே நான் நேர்மையானவன். பொய் தேவைப்படும் இடங்களில் வேறு யாரையாவது சொல்லச் சொல்வது என் வழக்கம்.

"அப்படிச் சொல்லுங்க. பொய் எனக்கு, நேர்மை உங்களுக்கு. நல்ல பங்குதான்" என்றாள். தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "சரி, விடுங்க. பொய்யே சொல்லாம நான் முடிச்சிக் காட்டறேன். ஆனா நான் சொல்ற மாதிரிதான் ரூம் போடணும்."

"நீ சொல்லுமா. எப்படி வேணும்னாலும் போடறேன்."

ஒரு கணவன் வாயிலிருந்து வரக்கூடாத வாக்கியம் அது. அப்போது தெரியவில்லை.

மறுநாள் அவளே போன் செய்தாள். தறிச் சத்தமே இல்லை. ஆனாலும் மாத்திரைப் பேச்சை எடுக்காமல் தாராளமாகப் பேசினாள். மழை பெய்தால் குழியில் ஈரமேறித் தறி நின்றுவிடும். அன்று எங்கள் தெருவில் நல்ல வெயில். அவள் தெருவில் மட்டும் பெய்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏங்க, அங்க லிஃப்ட் இருக்குதா?"

மனைவி பழகுகிறாள் என்று எனக்கு மகிழ்ச்சி. "இருக்குதும்மா."

"தரையில மெத்தை வேணாம். உசரமான கட்டிலா போடச் சொல்லுங்க. ரெண்டு. தனித்தனியா."

"ரெண்டு எதுக்கு?"

"ஆடிங்க."

உருகிவிட்டேன். ஊர் சம்பிரதாயத்தையும் விடாமல், கணவனையும் விடாமல், நடுவில் ஒரு முழ இடைவெளியில் இரண்டையும் காப்பாற்றப் பார்க்கிறாள். எவ்வளவு பண்பு!

"டாய்லெட் வெஸ்டர்ன்தானே? அந்தக் கண்ணாடிக்கு ஸ்கிரீன் போடுவாங்களான்னு கேளுங்க. அப்புறம் அந்த மூணு கால் நாற்காலி வேணாம். சாய்ஞ்சி உக்கார்ற மாதிரி நல்லதா ஒண்ணு. வியாழக்கிழமை தங்கினா மறுநாள் வெள்ளிக்கிழமை, காலையில வெங்காயம் பூண்டு இல்லாம டிபன். இன்னொண்ணு, பக்கத்துல நல்ல எலும்பு டாக்டர் யாராவது இருக்காங்களா?"

எலும்பு டாக்டர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த நாற்காலியின் படத்தைப் பார்த்த எவரும் கேட்கக்கூடியதுதான். தேடிப் பிடித்து ஒருவரின் பெயரையும் அனுப்பினேன்.

"வெள்ளிக்கிழமைக்கே டோக்கன் போட்டு வெச்சிடுங்க. எதுக்கும் இருக்கட்டும்."

போட்டு வைத்தேன். முன்ஜாக்கிரதையான பெண் கிடைப்பது வரம்.

ஹோட்டலுக்குப் போன் செய்தேன். அவர்கள் இங்கிலீஷில் பேசினார்கள். நான் இங்கிலீஷில் பயந்தேன். கட்டில், திரை, வெங்காயம் எல்லாம் ஒருவழியாகப் புரிய வைத்தேன். நாற்காலியில்தான் மாட்டிக்கொண்டேன். அது உட்காருவதற்காகச் செய்த நாற்காலி இல்லையாம், ஒரு சிந்தனையாம். "எங்க வீட்ல சிந்தனை மேல உக்கார மாட்டாங்க மேடம். பிளாஸ்டிக் சேர் ஒண்ணு போட்டுடுங்க" என்றேன். "பிளாஸ்டிக்?" என்று திருப்பிக் கேட்டார் மேடம். ஒரு கலைக்கோயிலுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில், தங்கும் இரண்டு பேரின் ஆதாரையும் அனுப்பச் சொன்னார்கள். "அத நான் பாத்துக்கறேன், நீங்க ஹோட்டல் நம்பர மட்டும் குடுங்க" என்றாள் கீர்த்தி. எவ்வளவு பொறுப்பு!

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் முன்னால் போய் அறையில் இருப்பது, நான் கம்பெனி முடிந்து வந்து சேர்வது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு கேட்கப் போனபோது மேலாளர் காரணம் கேட்டார். "குடும்பம்" என்றேன். உண்மை. ஆனாலும் காது சிவந்தது. வியாழக்கிழமை காலையில் அம்மாவிடம் "சென்னைக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னேன். ஏன், எதற்கு என்று ஆயிரம் கேட்கிற அம்மா அன்று ஒன்றுமே கேட்கவில்லை. மந்தார இலையில் கட்டிய கோயில் இட்லிப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்து, "நல்லபடியா போயிட்டு வாடா" என்றாள். ஒரு ஆளுக்கு அது மிக அதிகம். தாய்க்கு மகன் எப்போதும் பசியோடு இருப்பவன்தானே என்று கண் கலங்கினேன்.

பூந்தமல்லி நெரிசலில் பஸ் ஊர்ந்தது. தலையைச் சீவிக்கொண்டேன். மறுபடி சீவிக்கொண்டேன். கீர்த்தியிடம் முதலில் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். எட்டி எட்டிப் பார்த்துத் தெருத்தெருவாக அலைந்து ஹோட்டலைக் கண்டுபிடித்தேன். பெயர்ப் பலகை இருந்தது. படிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக. அதுவும் டிசைன்தான் போல.

கதவைத் திறந்து வரவேற்புக் கூடத்துக்குள் போனேன். பூசாத சுவர். ஒயரில் தொங்கும் பல்புகள். ஒரு பாறை. அந்தப் பாறைக்கும் இன்னொரு பாறைக்கும் நடுவில், இன்னும் அறைக்குப் போய்ச் சேராத ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் என் மாமியார். கட்டியிருந்தது எங்கள் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலை.

"வாங்க மாப்ள!" என்று எழுந்தார். "ரூம் போட்டுக் குடுத்ததே பெருசு. கம்பெனியை விட்டுட்டு நேர்ல வேற வந்து விசாரிக்கணுமா? முட்டிக்கு டாக்டர் டோக்கன்கூடப் போட்டு வெச்சிருக்கீங்க. எங்க வூட்டு மனுஷன் இருக்காரே, இத்தினி வருஷமா தைலம் தடவிக்கோ, தைலம் தடவிக்கோ, இது ஒண்ணுதான் சொல்லுவாரு. தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் வந்தேன். பூவம்மாளுக்கு வயிறு எரியுது. ஆடிக்கு மாமியாதான் மாப்ளைக்குச் சீர் செய்யும், மாமியாளுக்கே சீர் செஞ்ச மாப்ள எங்கனா உண்டான்னு கேட்டேன்."

பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"கையில இன்னா, கோயில் இட்லியா? சம்பந்தியம்மா எனக்குக் குடுத்தனுப்பறேன்னு நேத்தே போன்ல சொன்னாங்க. குடுங்க."

பொட்டலம் கைமாறியது. நான் பாறைக்குப் பக்கத்தில் நின்ற கீர்த்தியைப் பார்த்தேன். அவள் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இன்னா கீர்த்தி இது? பொய்யே சொல்ல மாட்டேன்னியே?"

"சொல்லவே இல்லியே. அவரு சென்னையில ரெண்டு பேருக்கு ரூம் போடறாருன்னேன். அம்மாதான் 'உனக்கும் எனக்குமாடி?'ன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சிரிச்சேன்."

"அதுக்காக…"

"எத்தினி வருஷம் அந்த முட்டியோட தறிய மிதிச்சிக்கினு இருக்காங்க தெரியுமா? டாக்டருக்குக் கூப்பிட்டா வர மாட்டாங்க. ஒரு நாள் வெளிய தங்கினதில்ல. நான் கூப்பிட்டா செலவும்பாங்க. மாப்ள கூப்பிட்டா மறுக்க முடியாதில்ல?" என்று என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "உங்களுக்குப் பெரிய மனசுங்க."

எனக்கு அவ்வளவு பெரிய மனசு தேவைப்படவில்லை. "அப்ப நான்?" என்றேன்.

"பூந்தமல்லிக்கு நடுராத்திரி வரைக்கும் பஸ் இருக்குதுங்க."

அந்த நேரத்தில் மாமியார்தான் என்மேல் இரக்கப்பட்டார். "அப்படியே அனுப்பிடாதடி. ஆடியாவது ஒண்ணாவது, நான்தான் கூட இருக்கேனே. மேல வந்து ஒரு காபி சாப்பிட்டுட்டு, ரூமையும் பாத்துட்டுப் போகட்டும். கொஞ்ச நேரம் பேசிக்கினு இருங்க" என்றார்.

எந்தச் சான்றிதழாலும் அசைக்க முடியாத ஆடி, எனக்காகக் கொஞ்சம் இறங்கி வந்தது. லிஃப்ட் திறந்தது. மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். கீர்த்தி ஏறினாள். அவள் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது, எனக்கானது. நானும் ஒரு காலை உள்ளே வைத்தேன்.

வரவேற்பு மேசையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள்.

"சாரி சார். ரூம்ல தங்கறவங்க ரெண்டு பேரும் வந்துட்டாங்க. விசிட்டர்ஸுக்கு இதுவரைக்கும்தான்."