சிவப்புப் பொத்தானுக்குப் பொட்டு வைத்த கதை

எரியோட்டுப் பக்கம் ஒரு தேங்காய் நார் ஆலையிலிருந்து வெளியே வந்து, திண்டுக்கல் ரோட்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்றால் வேலையை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். நார்த்தூசியில் இருமல் வந்தது ஒரு காரணம். இருமல் வராவிட்டாலும் நடந்திருப்பேன். ஒன்பதாம் வகுப்பைவிட்டு வெளியே வந்த கால் அதற்கப்புறம் எங்கேயும் நிலைக்கவில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், ஒட்டன்சத்திரத்தில் தக்காளிப் பெட்டி சுமந்தேன், கொடைரோட்டில் டீ ஆற்றினேன். (டீக்கடையில் மட்டும் அவர்களாகவே அனுப்பிவிட்டார்கள்.)

அப்போதுதான் மச்சானின் போன் வந்தது. மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். திண்டுக்கல்லில் காய்கறி வேன் ஓட்டுகிறார்.

"மாப்ள, எங்க இருக்க?"

"ரோட்டுல."

"அதானே. உங்கக்கா சரியாத்தான் சொன்னா."

விஷயம் இதுதான். சிறுமலை அடிவாரத்தில் அவர் காய் இறக்கும் ஒரு பண்ணை விடுதியில் நாலு சக்கர பைக்குகள் வாங்கியிருக்கிறார்கள். ஏடிவி என்கிறார்கள். விருந்தாளிகளை அதில் ஏற்றி, வழிகாட்டி ஒருவர் முன்னே போக, கரடுமுரடான காட்டுப் பாதையில் கூட்டிப்போவார்கள். வழிகாட்டிக்கு ஒத்தாசையாக ஒரு ஆள் வேண்டும்.

"எம் மச்சினன் ஓட்டாத வண்டியே இல்லன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"மொபெட்டத் தவிர வேற எதையும் தொட்டதில்லையே மச்சான்."

"அதுவும் வண்டிதானப்பா."

அக்கா போனைப் பிடுங்கினாள். "ஏலே, இதுலயாச்சும் ஒரு வருசம் இரு. ஒரு எடத்துல நிக்காத பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? மச்சான் பேரக் கெடுத்துட்டு வந்தேன்னா வீட்டுப் படியேறாத." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள வா" என்று வைத்துவிட்டாள்.

வழிகாட்டி என்றதும் மீசை வைத்த ஒரு ஆளை எதிர்பார்த்துப் போனேன். ரோஸி என்று ஒரு பெண். கொடைரோட்டுக்காரி, என்னைவிடச் சின்னவள், வண்டியை ஆட்டுக்குட்டி மாதிரி கையாளுவாள். புறப்படுமுன் விருந்தாளிகளைத் தயார்ப்படுத்துவது என் வேலை. தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் எடுத்துக் கொடுக்க வேண்டும், ஷூ இல்லாமல் யாரும் ஏறாமல் பார்க்க வேண்டும், டயரில் காற்றுப் பார்க்க வேண்டும். வண்டியையும் சொல்லிக்கொடுத்தாள்.

"அண்ணே, பைக் மாதிரி முறுக்கக்கூடாது. இந்தா, கட்டைவிரலுக்கிட்ட இருக்கற பட்டையை அமுக்குனா ஓடும். விட்டா நிக்கும். என்ன ஆனாலும் காலக் கீழ ஊனக்கூடாது, பின்சக்கரம் ஏறிரும். எது மறந்தாலும் இந்தச் செவப்பு பட்டன மறக்காதீக. அமுக்குனா இஞ்சின் அணைஞ்சிரும்."

"இம்புட்டுத்தானா" என்றேன். (எனக்கு எந்த வேலையும் முதல் நாள் இம்புட்டுத்தான்.)

முதல் சவாரிக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக ஏற்பாடு. எல்லாம் தயார் என்றாள் ரோஸி. எனக்கு மனசு ஒப்பவில்லை. புது வண்டிக்குப் பூசை போடாமல் எப்படிக் கிளப்புவது? எங்கள் வீட்டில் பழைய சைக்கிள் வாங்கினால்கூடப் பொட்டு வைக்காமல் மிதிக்கமாட்டோம். விடுதிக்கு அடுத்தாற்போல் செல்லத்தாயி அக்காவின் செண்டுப்பூத் தோட்டம். விடியற்காலையிலேயே போய் லாரிக்குக் கட்டுகிற அளவில் ஒரு மாலை வாங்கிவந்து, முன்னால் போகிற வண்டியின் கைப்பிடியில் சுற்றினேன். விளக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன், டேங்குக்கும் வைத்தேன். கைப்பிடி ஓரத்தில் வட்டமாய், சிவப்பாய், கொஞ்சம் மேடாய் ஒன்று இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தமாதிரி. தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, அதன்மேல் ஒரு பூவையும் ஒட்டினேன்.

மதுரைக் குடும்பம் வந்துவிட்டது. நான் பூசையில் இருந்ததால் ரோஸியே அவர்களுக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் சூடம் கொளுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சாமி கும்பிடும்போது செருப்போடு நிற்பதா? மச்சானிடம் இரவல் வாங்கிய ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். தலையில் ஹெல்மெட்டோடு எப்படிக் கன்னத்தில் போட்டுக்கொள்வது? அதையும் கழற்றினேன். ஊருக்கெல்லாம் மாட்டிவிடுகிற ஆள் வெறுங்காலும் வெறுந்தலையுமாக ஏறி உட்கார்ந்தேன். பழம் நசுங்க ஒரு முழம் நகர்ந்தால் போதும்.

இஞ்சினைக் கிளப்பிப் பட்டையை அமுக்கினேன். பழம் நசுங்கியது. வண்டி நிற்கவில்லை.

பயம் வந்தால் மனுஷன் என்ன செய்வான்? இறுக்கிப் பிடிப்பான். இறுக்க இறுக்கக் கட்டைவிரல் பட்டையை இன்னும் அமுக்கியது. மொபெட் புத்தியில் கைப்பிடியை முறுக்கிப் பார்த்தேன், அது அசையவில்லை. காலை ஊன்றிப் பார்த்தேன், பின்சக்கரம் பெருவிரல் நகத்தைக் கொண்டுபோனது.

"அண்ணே, செவப்பு பட்டன்" என்று ரோஸி கத்தியபடி பின்னால் ஓடிவந்தாள். குனிந்து பார்த்தேன். நான் வைத்த பூசையில் அந்த வண்டி முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது.

வேலியைத் தாண்டி, செல்லத்தாயி அக்காவின் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகப் போய், ஒரு வரப்பில் வண்டி குதித்தது. நான் பூவுக்குள் விழுந்தேன். கை விட்டதும் வண்டி பசுமாடு மாதிரி அடங்கி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் மதுரைக்காரர், "இதுவும் சவாரியில சேர்ந்ததாம்மா?" என்று ரோஸியிடம் கேட்டது காதில் விழுந்தது.

செல்லத்தாயி அக்கா கூடையோடு வந்து என்னையும் கைப்பிடி மாலையையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏப்பா, காலையில குடுத்த மாலை பத்தலையா? வண்டி கட்டிக்கிட்டு வந்துட்ட."

ரோஸி நகம் போன விரலுக்குக் கட்டுப் போட்டாள். பிறகு மெதுவாக, "நாளையிலேருந்து வண்டிப் பக்கம் வராதீகண்ணே" என்றாள். நியாயம்தான். ஆனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? வழக்கம்போல ரோடு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். நொண்டிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும்?

செல்லத்தாயி அக்கா என் காலைப் பார்த்தார். "எங்க போற இந்தக் காலோட? பூவெடுக்க ஆள் கெடைக்காமத் தவிக்கிறேன். விடியக்காலம் வந்துரு. மெதிச்சவனுக்குத்தான் செடியோட அருமை தெரியும்."

அன்றைக்கு என் அக்கா என்னைப் படியேற்றினாள், சிரித்து முடித்த பிறகு. மச்சான் சிரித்து முடிக்கவே இல்லை. இன்றுவரை வீட்டில் எந்தப் பூசை என்றாலும், சூடம் கொளுத்துமுன் அக்கா திரும்பிப் பார்த்துச் சொல்வாள்: "ஏலே, நீ மட்டும் செருப்பப் போட்டுக்க. ஹெல்மெட்டு இருந்தா அதையும் மாட்டிக்க."

மறுநாள் விடியலில் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டித் தடம் விழாத பாத்தியாகப் பார்த்துப் பூவெடுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த விருந்தாளிகளுக்கு ரோஸி பாடம் நடத்தும் சத்தம் கேட்டது. ஷூ, ஹெல்மெட், கட்டைவிரல், கால், சிவப்புப் பொத்தான், எல்லாம் வரிசையாக. கடைசியில், "இதுல எதையாச்சும் மறந்தா என்ன ஆகும்னு சந்தேகமா? அண்ணே, செத்த நேரம் காலத் தூக்குங்க" என்றாள்.

பூக்கூடையோடு, கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினேன். அந்த வேலையை இன்னும் விடவில்லை.