மல்யுத்த வீரர்கள் சொல்லாமல் விட்டது

ரெங்கம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய திருச்செல்வம் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் ஷர்மினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். பெர்மாஸ் ஜெயாவில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். படித்ததையும் பார்த்ததையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். எழுத்தில் கோபம் தெரிந்தால், அது உங்கள் மீது அல்ல. நீங்கள் அனுப்பிய மூன்று புத்தகங்களின் மீது.

தீபாவளியன்று எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் மல்யுத்தம் ஓடியபோது, "எல்லாம் நடிப்புலா மச்சான், அடி விழறதுக்கு முன்னாடியே அவன் விழறான்" என்று அப்பா சொன்னதும், "நடிப்பா? எங்க, நீங்க ஒரு தடவை அப்படி விழுந்து காட்டுங்க!" என்று நீங்கள் எழுந்ததும், ஆட்டிறைச்சியைத் தொடாமலே காரில் ஏறியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு, வீரர்களே எழுதிய சுயசரிதைகள் என்று மூன்றை அனுப்பி, "ஷர்மினி படிச்சுச் சொல்லட்டும், அவ பொய் சொல்ல மாட்டா" என்றீர்கள். அப்பாவும் சம்மதித்தார். தீர்ப்பு வரும்வரை எங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டீர்கள். அதனால் நீங்கள் வழக்கமாகச் சாப்பிட வரும் ஞாயிறுதோறும் அம்மா நண்டு சமைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் என் அறைக்கு வந்து, "முடிச்சிட்டியாடி? என் தம்பி ஜெயிச்சானா?" என்று கேட்கிறார்.

மாமா, இவர்கள் எதையுமே சொல்வதில்லை! மூவரும் பிறந்தபோதே தாதியால் தூக்க முடியாத குழந்தைகளாம். மூவரையும் ஓர் ஆசிரியர் உருப்பட மாட்டாய் என்று திட்டினாராம். மூவரில் முகமூடிக்காரர் தன் முகத்தைக் காட்ட மாட்டாராம், பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டாராம். பிறகு எதற்குச் சுயசரிதை? மொட்டைத் தலைக்காரர் காலையில் தின்ற முட்டைகளை எல்லாம் எழுதுகிறார், பெரிய போட்டிக்கு விமானத்தில் போனதை எழுதுகிறார், விடுதியில் தலையணை சரியில்லை என்று எழுதுகிறார், அரங்கத்துக் கதவு திறக்கிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினால், "அந்த இரவை என்றும் மறக்க மாட்டேன்" என்று அத்தியாயம் முடிந்துவிடுகிறது! அவர் மறக்காவிட்டால் எனக்கென்ன, எனக்குச் சொல்ல வேண்டாமா? தாடிக்காரரோ, நடிப்பா நிஜமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறேன் என்று தொடங்கி, முழங்கால் அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஓர் அத்தியாயம் முழுக்கப் புலம்புகிறார். மூன்று அட்டைகளிலும் மூலையில், எறும்பு அளவு எழுத்தில், 'உடன் எழுதியவர்' என்று வேறொரு பெயர் இருக்கிறது. குத்து வாங்கியவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர். இதை எங்கள் பள்ளிக் கட்டுரையில் நான் செய்தால் ஆசிரியர் புஷ்பவள்ளி சும்மா விடுவாரா?

ஆகவே இந்தப் புத்தகங்கள் சாட்சி சொல்ல லாயக்கற்றவை. நீங்களும் வெல்லவில்லை, அப்பாவும் வெல்லவில்லை. மூன்றையும் திருப்பி அனுப்புகிறேன். அத்தைக்கு என் வணக்கம், அத்தை வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
கோபம் தணியாத மருமகள்
ஷர்மினி

பின்குறிப்பு: புத்தகங்களை இப்போது அனுப்ப முடியாது. "படம் மட்டும் பார்க்கிறேன்" என்று தாடிக்காரரை எடுத்துச் சென்ற அப்பா இரண்டு நாளாகத் தரவில்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் ஏணி ஏறி ஏறி அப்பாவுக்கும் முழங்கால் போய்விட்டது அல்லவா? "பாவம்லா இந்த ஆளு, கட்டோட போய் மறுபடியும் மேலேர்ந்து குதிச்சிருக்கான்" என்றார். "அப்போ நடிப்பு இல்லையாப்பா?" என்று கேட்டேன். "நடிக்கிறவனுக்கு எதுக்குடி ஆபரேஷன்? மாமாவ ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லி எழுது. இதோட ரெண்டாம் பாகம் இருந்தா கொண்டு வரணும், அதையும் எழுது" என்றார். அம்மா இப்போதே நண்டுக்குச் சொல்லிவிட்டார். வரிகள் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். "அப்பனும் மகளும் படிச்சது போதும், போய்ப் படுங்க" என்று சொல்லி அம்மா விளக்குகளை அணைத்துவிட்டார்.