டாக்டர் பிடுங்கிய வண்டி

வண்டி சரியாகப் பத்து நிமிடம் ஓடும். அப்புறம் இருமும், திக்கும், நடுரோட்டில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் திட்டிவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். அடுத்த பத்து நிமிடத்தில் பழைய குருடி கதைதான்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. அப்படியொன்றும் நிறைய இருந்து போகவில்லை. லிஃப்ட் வருவதற்குள் பட்டனை நாலு தடவை அமுக்குகிற ஆள் அவர். தொழில், பல் வைத்தியம்.

வண்டி அப்பாவுடையது. அவர் போன பிறகு அக்காவும் டாக்டரும் வீட்டுக்குச் சண்டை போடவில்லை, நிலத்துக்குச் சண்டை போடவில்லை. இந்த ஐம்பது வருஷத்து மோட்டார் சைக்கிளுக்குப் போட்டார்கள். டாக்டருக்கு அதை அடியோடு மாற்றவேண்டும். தாழ்ந்த ஹேண்டில்பார், ஒற்றை சீட், கன்னங்கரேலென்று பெயிண்ட். மருந்துச் சீட்டுகளின் முதுகிலெல்லாம் படம் வரைந்து வைத்திருந்தார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"முதல்ல அதை ஒழுங்கா ஓட வைடா. மாசக் கடைசியில நான் வர்றேன். ஸ்டேஷனுக்கு அந்த வண்டியிலயே வந்து கூட்டிட்டுப் போ. வழியில ஒரு தடவை நின்னாலும் வண்டி எனக்கு."

மெக்கானிக்கிடம் போனார். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், எப்போது நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று தெரிந்த பிறகு கை வைக்கலாம் என்றார் அவர்.

"பல்லு ஆடினா நான் ஒரு வாரம் உட்கார்ந்து வேடிக்கையா பார்க்கிறேன்?"

"உங்ககிட்ட வர்றவங்களுக்கு வாய் இருக்கு டாக்டர். எங்க வலிக்குதுன்னு சொல்லிடுவாங்க."

இந்த ஆள் சரிப்பட்டு வரமாட்டார் என்று டாக்டர் தானே களத்தில் இறங்கினார். முதலில் கார்புரேட்டரைக் கழற்றினார். அதே மாதிரி கிடைக்காததால் வேறொரு வண்டியினுடையதை வாங்கி மாட்டினார். இப்போது வண்டி மூன்று நிமிடம் ஓடியது. போகிற வழியெல்லாம் கரும்புகை. எதிர்வீட்டு அம்மாள் கொடியில் காய்ந்த துணியை மறுபடி துவைக்கப் போட்டுவிட்டு, இவர் வீட்டு வாசலில் வந்து நின்று நன்றாகப் பேசிவிட்டுப் போனாள்.

அடுத்து ஒயர்களை மாற்றினார். ஹாரன் அடித்தால் விளக்கு எரிந்தது. விளக்கைப் போட்டால் எஞ்சின் நின்றது. கோளாறு எஞ்சினில்தான் என்று முடிவு கட்டினார்.

மறுநாள் கிளினிக்கில் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்க, டாக்டர் போனில் எஞ்சின் கடைக்காரரிடம் பேசினார். "ஒண்ணு ஒண்ணா பார்த்துட்டு இருக்க முடியாதுங்க. மொத்தத்தையும் பிடுங்கிடுறேன், புதுசு போட்டுடலாம்." திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

புது எஞ்சின் வந்தது. வண்டியின் பழைய இரும்புச் சட்டத்தில் உட்காரமாட்டேன் என்றது. சட்டத்தை மாற்றினார். அந்தச் சட்டத்துக்குப் பழைய சக்கரம் சேரவில்லை, பழைய டேங்க் சேரவில்லை. எல்லாவற்றையும் மாற்றினார். கழற்றிய சாமான்கள் வாஷிங் மெஷினை மறைத்துக்கொண்டு குவிந்தன. துணி துவைக்க வழியில்லாமல் மனைவி ஒருநாள் முழுக் குவியலையும் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கொடுத்ததை டாக்டர் கவனிக்கக்கூட இல்லை. அவர் புது கிளட்ச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதுல உங்கப்பா வண்டி எங்க இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் ஹாரனைக் காட்டினார். அப்பாவின் கை பட்ட இடம் என்று அந்த வண்டியில் இனி எதைத் தொடுவது? ஆனால் அதற்கெல்லாம் உட்கார்ந்து அழ நேரமில்லை. மாசக் கடைசி வந்துவிட்டது.

அன்று காலை விடிந்ததிலிருந்து உதைத்தார். வலது கால் ஓய்ந்ததும் இடது காலால் உதைத்தார். தள்ளினார், கெஞ்சினார், பெயர் தெரியாத திருகாணிகளையெல்லாம் திருகினார். வண்டி செருமக்கூட இல்லை. ரயில் வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தோற்றேன் என்று சொல்லிவிட அக்காவுக்குப் போன் போட்டார். அவள் எடுக்கவில்லை.

அப்போது தெருமுனையில் ஒரு சத்தம் கேட்டது. தட, தட, தடவென்று சீராக, அவசரமே இல்லாமல். சின்ன வயதில் இந்தச் சத்தம் கேட்டால்தான் டாக்டர் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல நடிப்பார்.

அப்பாவின் வண்டி வந்து வாசலில் நின்றது. அதே துருப்பிடித்த டேங்க், அதே சட்டம், அதே எஞ்சின். ஓட்டி வந்தவர், ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அதே பழைய இரும்புக்காரர். பின்னாலிருந்து அக்கா இறங்கினாள். கண்கள் கலங்கியிருந்தன.

"ஸ்டேஷன் வாசல்ல இதைப் பார்த்ததும் எனக்கு அப்பாவே வந்த மாதிரி இருந்துச்சுடா. யாருதுன்னு கேட்டேன், டாக்டர் வீட்டு வண்டின்னார். நீ ஆள் அனுப்பியிருக்கேன்னு ஏறி உட்கார்ந்துட்டேன். ஒரு இடத்துல நிக்கல. இனிமே உன் இஷ்டம், எதை வேணா மாத்திக்கோ."

அவள் உள்ளே போனதும் டாக்டர், இரும்புக்காரரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்தார்.

"உண்மையைச் சொல்லுப்பா. இது ஓடுறதுக்கு எதை மாத்தினே?"

"எதையும் மாத்தல சார், எல்லாத்தையும் இருந்தபடியே திரும்ப மாட்டினேன். பெட்ரோல் மூடியில காத்து போற துளை அடைச்சு, பெட்ரோல் இறங்காம இருந்துச்சு, குண்டூசியால ஒரு குத்து குத்தினேன்."